மலைக்குள் வைக்க நினைத்த காந்தமும் உங்கள் எக்ஸெல்லும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "லெட்டர் டைப் அடிக்கலாம், பாட்டு கேட்கலாம், படம் பார்க்கலாம், இன்டர்நெட்டில் மேயலாம். இவ்வளவுதானா? இதற்கு மேல் இந்தப் பெட்டி என்ன செய்யும்?"

கம்ப்யூட்டர் என்றால் கணக்கிடும் கருவி என்றுதான் அர்த்தம். ஆனால் நம்மில் பலர் அதைக் கணக்குப் போடவே விடுவதில்லை! இந்த இதழில் உங்கள் கம்ப்யூட்டரை ஓர் உண்மையான இன்ஜினியரிங் கணக்கைப் போட வைப்போம். புதிதாக எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம். எக்ஸெல் இருந்தால் போதும். புரோகிராமிங் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் சரி.

இதே வழியில் போடப்பட்ட மிகப் பெரிய கணக்கு ஒன்று எங்கள் தேனி மாவட்டத்தோடு சம்பந்தப்பட்டது. அதையும் பார்க்கப் போகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத புலம்

பள்ளியில் ஒரு தாளின் அடியில் காந்தத்தை வைத்து, மேலே இரும்புத் தூளைத் தூவியிருப்பீர்கள். தூள் வளைவு வளைவாக வரிசை கட்டி நிற்கும். காந்தத்தின் பலம் அதைச் சுற்றியுள்ள இடம் முழுவதும் பரவியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. இதைத்தான் காந்தப் புலம் என்கிறோம். மின்சாரம் இருக்கும் இடத்தில் இதே போல மின் புலம் உண்டு.

இந்தப் புலங்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான சமன்பாடுகளை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1865-லேயே வெளியிட்டுவிட்டார். அப்புறம் என்ன கஷ்டம்? சமன்பாடு தெரிந்திருப்பது வேறு, அதற்கு விடை காண்பது வேறு. ஒரு நீளமான நேர்க் கம்பி, ஓர் உருண்டை என்று எளிய உருவமாக இருந்தால் பேப்பர், பேனாவை வைத்தே விடை கண்டுவிடலாம். ஆனால் கம்பம், சின்னமனூர் பக்கம் ஏதாவது ஒரு ரீவைண்டிங் கடையில் பிரித்துப் போட்டிருக்கும் பம்ப் செட் மோட்டாரைப் பாருங்கள். உள்ளே வரிசையாகக் காடிகள், காடிக்குள் செம்புக் கம்பிச் சுற்றுகள், நடுவில் ரோட்டர், இரண்டுக்கும் இடையில் மெல்லிய காற்று இடைவெளி. இந்த உருவத்துக்கு ஃபார்முலா எழுதி விடை காண யாராலும் முடியாது.

அங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. ஒரே பெரிய கணக்கைப் போட முடியாவிட்டால், அதை ஆயிரம் சின்னக் கணக்குகளாக உடைத்துவிடு. இதுதான் நியூமரிக்கல் சிமுலேஷன் என்பதன் சாரம்.

பக்கத்து வீட்டைக் கேள்!

ஒரு சதுரமான இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு பக்கமும் உலோகச் சுவர்கள். மேல் சுவருக்கு 100 வோல்ட் கொடுத்திருக்கிறோம். மற்ற மூன்று சுவர்களும் எர்த் செய்யப்பட்டவை, அதாவது 0 வோல்ட். (மேல் சுவர் மற்றவற்றைத் தொடாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) உள்ளே வெறும் காற்று. கேள்வி: உள்ளே ஒவ்வொரு இடத்திலும் எத்தனை வோல்ட்?

இந்த இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரியுங்கள். மேக்ஸ்வெல்லின் சமன்பாடு இந்தக் கட்டங்களுக்கு வரும்போது மிக எளிமையாகிவிடுகிறது. "ஒவ்வொரு கட்டத்தின் வோல்டேஜும் அதன் மேல், கீழ், இடது, வலது என நான்கு அண்டைக் கட்டங்களின் சராசரி." அவ்வளவுதான்!

பந்தல் துணியை நினைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் வெவ்வேறு உயரத்தில் இழுத்துக் கட்டினால் நடுவில் உள்ள துணி தானாக ஓர் உயரத்தில் வந்து நிற்கிறது. துணியின் ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள புள்ளிகள் இழுக்கும் இழுப்புக்கு நடுவில் நிற்கிறது. வோல்டேஜும் அப்படித்தான்.

எக்ஸெல்லில் செய்து பார்ப்போம்

எக்ஸெல் ஷீட் ஏற்கெனவே கட்டம் கட்டமாகத்தானே இருக்கிறது? அதையே நம் சதுரமாக வைத்துக்கொள்வோம்.

1. முதலில் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும். ஒரு செல் பக்கத்து செல்லைக் கேட்கும், அந்தப் பக்கத்து செல் இதையே திருப்பிக் கேட்கும். இதைச் சாதாரணமாக எக்ஸெல் ஏற்காது. 'சர்குலர் ரெஃபரன்ஸ்' என்று எச்சரிக்கை கொடுத்து நின்றுவிடும். எனவே ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் சென்று, ஃபார்முலாஸ் என்ற பகுதியில் 'எனேபிள் இட்டரேட்டிவ் கால்குலேஷன்' என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள். எக்ஸெல் 2003 போன்ற பழைய பதிப்பு என்றால் டூல்ஸ் மெனு, ஆப்ஷன்ஸ், கால்குலேஷன் டேப் சென்று 'இட்டரேஷன்' என்பதை டிக் செய்யுங்கள். கீழே 100 என்றும் 0.001 என்றும் இரண்டு எண்கள் இருக்கும். அப்படியே விட்டுவிடுங்கள்.

2. ஏ1 முதல் கே1 வரை உள்ள 11 செல்களிலும் 100 என டைப் செய்யுங்கள். இது மேல் சுவர்.

3. ஏ2 முதல் ஏ11 வரை 0. கே2 முதல் கே11 வரை 0. பி11 முதல் ஜே11 வரை 0. இவை எர்த் செய்த மூன்று சுவர்கள்.

4. இப்போது பி2 செல்லுக்கு வாருங்கள். சமக்குறி போட்டு, அடைப்புக்குறியைத் திறங்கள். மேலே உள்ள பி1 செல்லை மவுஸால் க்ளிக் செய்து, + போடுங்கள். அடுத்து கீழே உள்ள பி3, மறுபடி +. இடது பக்கம் ஏ2, மறுபடி +. கடைசியாக வலது பக்கம் சி2. அடைப்புக்குறியை மூடி, /4 என டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

5. பி2 செல்லைக் காப்பி செய்யுங்கள். பி2 முதல் ஜே10 வரை மவுஸால் இழுத்து செலக்ட் செய்து பேஸ்ட் செய்யுங்கள். ஒவ்வொரு செல்லும் தன் தன் அண்டை செல்களைக் கேட்கும்படி எக்ஸெல்லே ஃபார்முலாவை மாற்றிக்கொள்ளும்.

6. எல்லாவற்றையும் செலக்ட் செய்து, இரண்டு தசம இடங்கள் மட்டும் தெரியும்படி ஃபார்மட் செய்யுங்கள். பிறகு எஃப்9 கீயை இரண்டு மூன்று முறை தட்டுங்கள்.

எண்கள் கிடுகிடுவென மாறி ஓர் இடத்தில் வந்து நிற்கும். மேல் சுவரின் அருகில் பெரிய எண்கள், கீழே போகப் போகச் சிறிய எண்கள். நீங்கள் இப்போது செய்தது என்ன தெரியுமா? 9 வரிசை, 9 நெடுவரிசை, ஆக 81 தெரியாத எண்களுக்கான 81 சமன்பாடுகளை ஒரே சமயத்தில் தீர்த்திருக்கிறீர்கள்! இன்ஜினியரிங் கல்லூரிகளில் இதற்கு ஃபைனைட் டிஃபரன்ஸ் முறை என்று பெயர்.

வண்ணத்தில் பார்க்க ஆசையா? எக்ஸெல் 2007 முதல் ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மட்டிங் என்பதைக் க்ளிக் செய்து, கலர் ஸ்கேல்ஸ் என்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புலத்தின் படம் கண் முன்னே விரியும்.

கவனிக்க: தவறுதலாக ஏதாவது செல்லில் எழுத்து டைப் ஆகிவிட்டால் எல்லா செல்களிலும் எர்ரர் பரவிவிடும். அந்த எழுத்தைத் திருத்தினாலும் எர்ரர் போகாது. ஏனென்றால் செல்கள் ஒன்றிடம் ஒன்று எர்ரரையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே உள்ள 81 செல்களையும் டெலீட் செய்துவிட்டு, நான்காவது படியிலிருந்து மறுபடி செய்யுங்கள்.

விடை சரியா என்று எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. கம்ப்யூட்டர் காட்டுகிறது என்பதற்காக ஓர் எண் சரியாகிவிடாது. எனவே ஒரு சோதனை செய்வோம்.

நடுமத்தியில் உள்ள எஃப்6 செல்லைப் பாருங்கள். 25-ஐ ஒட்டிய எண் இருக்கும். எஃப்9 தட்டத் தட்ட 25.00 ஆகிவிடும். ஏன் 25? நான்கு சுவர்களுக்கும் 100 வோல்ட் கொடுத்தால் உள்ளே எல்லா இடமும் 100 ஆகத்தான் இருக்கும். நடுப்புள்ளிக்கு நான்கு சுவர்களும் சம தூரம். ஆகவே ஒரு சுவரின் பங்கு 100-ல் நான்கில் ஒன்று, அதாவது 25. கம்ப்யூட்டரின் உதவி இல்லாமல் நாமே யோசித்துக் கண்ட விடையும் கம்ப்யூட்டர் சொன்ன விடையும் ஒத்துப்போகின்றன. இப்போது அந்த ஷீட்டைக் கொஞ்சம் நம்பலாம்.

"கொஞ்சம்" என்றுதான் சொல்கிறேன். மேல் மூலைகளைப் பாருங்கள். அங்கே 100 வோல்ட் சுவரும் 0 வோல்ட் சுவரும் அருகருகே வருகின்றன. அந்த இடத்தில் புலம் மிக வேகமாக மாறும். நம் கட்டமோ பெரியது. எனவே நடுவில் சரியாக இருக்கும் கணக்கு மூலையில் முரடாகத்தான் இருக்கும். எங்கே புலம் வேகமாக மாறுகிறதோ அங்கே கட்டம் சிறிதாக இருக்க வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இன்னொரு சோதனை

இப்போது பி6 முதல் ஜே6 வரை உள்ள செல்களில் ஃபார்முலாவை அழித்துவிட்டு 0 என டைப் செய்யுங்கள். நடுவில் எர்த் செய்த ஓர் உலோகத் தகட்டை வைத்ததற்கு இது சமம். எஃப்9 தட்டிப் பாருங்கள். தகட்டுக்குக் கீழே உள்ள அத்தனை செல்களும் 0 ஆகிவிடும்! மேலே உள்ள 100 வோல்ட்டின் வாசனையே கீழே வரவில்லை. இதைத்தான் ஷீல்டிங் என்கிறார்கள். கேபிள் டி.வி. ஒயரில் நடுக் கம்பியைச் சுற்றி உலோக வலை பின்னியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேலையும் ஷீல்டிங்தான்.

அடுத்து, இ6 செல்லைக் காப்பி செய்ய வேண்டாம், அதில் 0 இருக்கிறது. ஃபார்முலா உள்ள எஃப்5 செல்லைக் காப்பி செய்து எஃப்6-ல் பேஸ்ட் செய்யுங்கள். தகட்டின் நடுவில் ஓர் ஓட்டை போட்டாயிற்று. எஃப்9 தட்டினால் அந்த ஓட்டை வழியாகக் கீழே எண்கள் கசிவதைக் காணலாம். ஓட்டைக்கு நேர் கீழே அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும்.

ஒரு தகட்டையும் வாங்காமல், வெட்டாமல், ஓட்டை போடாமல் இதையெல்லாம் தெரிந்துகொண்டோம். சிமுலேஷனின் லாபம் இதுதான்.

பொட்டிப்புரத்துக் காந்தம்

இப்போது அந்தப் பெரிய கணக்குக்கு வருவோம்.

தேனி மாவட்டம் உத்தமபாளையம் தாலுகாவில் உள்ளது பொட்டிப்புரம் கிராமம். அதன் அருகே போடி மேற்கு மலையில் அம்பரப்பர் மலை என்று ஒரு மலை. இதனுள் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, நியூட்ரினோ என்ற மிகச் சிறிய துகள்களை ஆராயும் கூடம் அமைக்கத் திட்டமிட்டார்கள். சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருந்தால் மற்ற துகள்கள் வடிகட்டப்பட்டுவிடும் என்பது காரணம். 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நம் விஞ்ஞானிகள் இத்தகைய நியூட்ரினோக்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் பொட்டிப்புரம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய்.

காடு, தண்ணீர், வெடி வைத்துப் பாறை உடைப்பது பற்றிய அச்சம் காரணமாகச் சுற்றுவட்டார மக்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம், நீதிமன்றங்கள் எனச் சென்றது. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் இடையிலான புலிகளின் வழித்தடம் அது என்று கூறி, 2022-ல் தமிழக அரசு இத்திட்டத்தை ஏற்க முடியாது என உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆய்வுக்கூடம் கட்டப்படவில்லை. அந்த வழக்கு நம் கட்டுரையின் விஷயம் அல்ல. அந்தக் கூடத்துக்குள் வைக்க நினைத்த காந்தம்தான் நம் விஷயம்.

அதன் பெயர் ஐகால். 16 மீட்டருக்கு 16 மீட்டர் அளவில், 5.6 சென்டிமீட்டர் கனத்தில் ஓர் இரும்புத் தளம். அதன் மேல் 4 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இன்னொரு தளம். இப்படி 151 தளங்கள் சேர்ந்தது ஓர் அடுக்கு. இது போல 3 அடுக்குகள். எடை எவ்வளவு? விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து 16 × 16 × 0.056 × 151 × 3 எனப் பெருக்குங்கள். வருவது இரும்பின் கனஅளவு. ஒரு கனமீட்டர் இரும்பு 7.85 டன். அதனாலும் பெருக்கினால் ஏறக்குறைய 51,000 டன்!

இந்த இரும்பு மலையைச் செம்புச் சுருள்கள் மூலம் காந்தமாக்கி, சுமார் 1.5 டெஸ்லா புலம் உண்டாக்க வேண்டும். நம் ஊரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தப் புலத்தைப் போல் இது முப்பதாயிரம் மடங்குக்கும் அதிகம். எதற்கு இவ்வளவு? நியூட்ரினோ இரும்பில் மோதும்போது மியூவான் என்ற துகள் வெளிப்படும். அது பாஸிட்டிவ்வா, நெகட்டிவ்வா என்று தெரிய வேண்டும். காந்தப் புலத்தில் ஒன்று ஒரு பக்கம் வளையும், மற்றது எதிர்ப்பக்கம் வளையும். வளைவை வைத்துத் துகளின் உந்தத்தையும் கணக்கிட முடியும். எனவே இரும்பின் ஒவ்வோர் இடத்திலும் புலம் எவ்வளவு, எந்தத் திசையில் என்பது துல்லியமாகத் தெரியாவிட்டால் முழு ஆராய்ச்சியும் வீண்.

51,000 டன் இரும்பை அடுக்கிப் பார்த்துவிட்டு, "சரியில்லை, சுருளை மாற்றி வைப்போம்" என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆகவே முதலில் கம்ப்யூட்டரில் அடுக்க வேண்டும்.

நம் எக்ஸெல் முறை இதற்குப் போதுமா?

போடிப் பக்கம் கல்லூரி மாணவர்களுக்கு எக்ஸெல் கட்டத்தைச் செய்து காட்டும்போது யாராவது ஒருவர் உடனே சொல்வார், "கட்டத்தை இன்னும் சிறிதாக்கினால் போதுமே!" சரி, 1 மில்லிமீட்டர் கட்டமாகப் போடுவோம். ஓர் அடுக்கின் உயரம் 14.5 மீட்டர். 16,000 × 16,000 × 14,500 கட்டங்கள். பெருக்கினால் சுமார் 3.7 லட்சம் கோடி! ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்று 8 பைட் ஒதுக்கினாலே கிட்டத்தட்ட 30,000 ஜி.பி. மெமரி வேண்டும்.

எல்லா இடத்திலும் ஒரே அளவுக் கட்டம் போட்டதால் வந்த வினை இது. புலம் சீராக இருக்கும் இடத்தில் பெரிய துண்டும், வேகமாக மாறும் இடத்தில் சிறிய துண்டும் போட்டால்? துண்டுகள் சதுரமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. முக்கோணமாக இருந்தால் எந்த வளைவுக்கும் பொருந்தும். இதுதான் ஃபைனைட் எலிமெண்ட் முறை. பாலம், விமானம் போன்றவற்றின் பலத்தைக் கணக்கிடப் பிறந்த முறை இது. கனடாவில் மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் சில்வெஸ்டர், எம்.வி.கே. சாரி என்பவருடன் சேர்ந்து, இரும்பில் உள்ள காந்தப் புலத்தை இந்த முறையில் கணக்கிடும் வழியை 1970-ல் வெளியிட்டார்.

இரும்பில் என்ன விசேஷம்? காற்றில் கரண்ட்டை இரட்டிப்பாக்கினால் புலமும் இரட்டிப்பாகும். இரும்பில் அப்படி இல்லை. ஓர் அளவுக்கு மேல் இரும்பு 'நிரம்பி'விடும். அதற்கு மேல் எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் புலம் கொஞ்சம்தான் கூடும். ஆகவே கம்ப்யூட்டர் முதலில் ஒரு விடையை ஊகித்து, அதன்படி இரும்பின் தன்மையைத் திருத்தி, மறுபடி கணக்கிட்டு, மறுபடி திருத்தி... நீங்கள் எஃப்9 தட்டினீர்களே, கிட்டத்தட்ட அதே வேலை!

ஐகால் காந்தத்தின் புலத்தை மாண்ட்ரியலைச் சேர்ந்த இன்ஃபோலிட்டிக்கா நிறுவனத்தின் மேக்நெட் என்ற சாப்ட்வேரால் கணக்கிட்டார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இந்த சிமுலேஷனை 2015-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சுருள் செல்லும் பிளவுகளை எங்கே வைப்பது, எந்த வகை இரும்பு, எவ்வளவு கரண்ட் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நடுப்பகுதியில் புலம் பலமாகவும் ஏறக்குறைய சீராகவும் இருக்கும். சுருளுக்கு வெளியே இரு பக்கங்களிலும் அது எதிர்த்திசையில், சுமார் 15 சதவீதம் குறைவாக இருக்கும். ஓரங்களில் அளவும் திசையும் இடத்துக்கு இடம் மாறும். இந்த மூன்று பகுதிகளும் அந்தக் கணக்கில் தெளிவாகத் தெரிந்தன.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் கலாட்டா

16 மீட்டர் தளத்தை ஒரே தகடாகச் செய்ய முடியாது. 4 மீட்டருக்கு 2 மீட்டர் பலகைகளாகச் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி வரத்தான் செய்யும். 16 மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் 1.5 டெஸ்லா புலத்தை 1 மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட வைக்கச் சுமார் 1,200 ஆம்பியர்-சுற்று வேண்டும். (ஆம்பியர்-சுற்று என்றால் கரண்ட்டைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கி வருவது.) நல்ல மென்னிரும்பில் இதே செலவில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரத்தைக் கடந்துவிடலாம். அதாவது ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு மீட்டர் இரும்பைச் சேர்த்ததற்குச் சமம்!

இந்த இடைவெளிகளைக் கணக்கில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் திட்டாது. எர்ரர் காட்டாது. அழகான வண்ணப் படத்தோடு அதிகமான புலத்தைக் காட்டும். உண்மையில் காந்தம் அதைவிடப் பலவீனமாக இருக்கும். நாம் சொல்லாத விஷயம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனவேதான் இடைவெளிகளையும் வைத்துக் கணக்கிட்டார்கள்.

மதுரையில் நடந்த பரீட்சை

கணக்கு சரிதானா? நாம் 25-ஐ வைத்துச் சோதித்தோம். அவர்களுக்கு இருந்த வழி, ஒரு சிறிய காந்தத்தைக் கட்டி அளந்து பார்ப்பது.

மதுரையில் மினி ஐகால் என்ற 85 டன் காந்தத்தைக் கட்டினார்கள். 4 மீட்டருக்கு 4 மீட்டரில் 11 இரும்புத் தளங்கள். பெரியதில் அறுநூறில் ஒரு பங்கு. 2018-ல் இது இயங்கத் தொடங்கியது. இரும்பின் உள்ளே அளவுகருவியைச் செருக முடியாதல்லவா? எனவே பலகைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளிகளில் ஹால் சென்சார்களை நுழைத்து அளந்தார்கள். அளந்த எண்களைச் சிமுலேஷன் சொன்ன எண்களோடு ஒப்பிட்டார்கள்.

ஹால் சென்சார் என்றதும் பயந்துவிடாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரின் கூலிங் ஃபேனுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது! ஃபேனில் உள்ள காந்தம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, சரியான நேரத்தில் கரண்ட்டை மாற்றிவிடுவது அதுதான்.

பொட்டிப்புரத்துக்கான முழுக் காந்தம் கட்டப்படவில்லை. அது கம்ப்யூட்டரில் எண்களாக மட்டுமே இருக்கிறது. அந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லக்கூடியது மதுரையில் உள்ள அந்த 85 டன் இரும்புதான்.

வேறு முறைகள்

கட்டம், முக்கோணம் தவிர இன்னும் இரண்டு முறைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மொமெண்ட் முறை: ஒரு காலத்தில் தேனி மாவட்டத்து மொட்டை மாடிகளில் எல்லாம் கொடைக்கானல் டி.வி. நிலையத்தை நோக்கித் திருப்பிய ஆன்டெனாக்கள் நின்றன. அதைச் சுற்றியுள்ள வானம் முழுவதற்கும் கட்டம் போட முடியுமா? இந்த முறையில் வானத்தை விட்டுவிட்டு ஆன்டெனாக் கம்பிகளை மட்டும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு கரண்ட் என்று கண்டுபிடிக்கிறார்கள். ராஜர் ஹாரிங்டன் 1968-ல் எழுதிய புத்தகம் இதற்கு அடிப்படை.

எஃப்.டி.டி.டி. முறை: நேரத்தோடு மாறும் அலைகளுக்கானது. கேன் யீ என்பவர் 1966-ல் வெளியிட்டது. இடத்தைக் கட்டமாகப் பிரிப்பது போல நேரத்தையும் துளித் துளியாகப் பிரிக்கிறார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதில் இருபதில் ஒரு பங்கைக் கட்டமாக எடுத்தால், ஒரு நேரத் துளி ஒரு நொடியை மூவாயிரம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு! செல்போனின் அலை தலைக்குள் எவ்வளவு போகிறது என்று கணக்கிட இம்முறை பயன்படுகிறது.

வீட்டிலேயே அடுத்த படி

எக்ஸெல் பழகியபின், எஃப்.இ.எம்.எம். என்ற இலவச சாப்ட்வேரைத் தேடி டவுன்லோடு செய்யுங்கள். டேவிட் மீக்கர் உருவாக்கியது. விண்டோஸில் இயங்கும். பழைய கம்ப்யூட்டரே போதும். புதிய ஃபைல் திறக்கும்போது 'மேக்னெட்டிக்ஸ் பிராப்ளம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புள்ளி வைத்து, கோடு இழுத்து உருவத்தை வரையுங்கள். எந்த இடம் இரும்பு, எது செம்பு, எது காற்று என்று குறியுங்கள். முக்கோணங்களை அதுவே போட்டுக்கொள்ளும். புலம் வேகமாக மாறக்கூடிய இடத்தில் முக்கோணத்தைச் சிறிதாக்கும்படி நீங்களும் சொல்லலாம்.

முதல் பயிற்சியாக, ஒரு பக்கத்தில் 1 மில்லிமீட்டர் வாய் திறந்த இரும்புச் சட்டத்தை வரைந்து, எதிர்ப்பக்கத்தில் சுருள் கொடுங்கள். கரண்ட்டைக் குறைவாகவே வைத்து, வாயில் உள்ள புலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாயை 2 மில்லிமீட்டராக்குங்கள். புலம் கிட்டத்தட்டப் பாதியாகும். பொட்டிப்புரத்துப் பலகைகளின் பிரச்சினையை நீங்களே பார்த்துவிட்டீர்கள்!

இனி யாராவது கம்ப்யூட்டர் சிமுலேஷன் படத்தைக் காட்டி, "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது" என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று, கட்டத்தைச் சிறிதாக்கினால் விடை மாறுகிறதா? இரண்டு, ஓரங்களில் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சரியாகச் சொன்னீர்களா, எதையாவது விட்டுவிட்டீர்களா? மூன்று, எங்காவது ஓர் இடத்திலாவது அளந்து பார்த்தீர்களா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தப் படத்தை நம்பலாம்.

81 கட்டத்தோடு தொடங்குங்கள். பிறகு வரிசைகளையும் நெடுவரிசைகளையும் கூட்டி, சுவர்களின் வோல்டேஜை உங்கள் விருப்பம் போல மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எஃப்9 தட்டும் முன் நடுவில் என்ன எண் வரும் என்று ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணும் கம்ப்யூட்டரின் எண்ணும் ஒத்துப்போகத் தொடங்கும்போது, புலம் என்றால் என்ன என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.